இன்னும் எத்தனை வரி

பிப்ரவரி 18
அண்ணாச்சி வீட்டு மாடியில் செங்கல் ஏற்றிவிட்டார்கள்.

பிப்ரவரி 20
கரினா நெபுலா, விண்வெளியில் ஒளிரும் வாயு மேகம், கோவில்பட்டியில் உச்சிக்கு வரும்போதே அடிவானத்திலிருந்து 21 டிகிரிதான். கையை நீட்டி விரல்களை மடக்கி அடுக்கினால் இரண்டு கைமுட்டி உயரம். அண்ணாச்சியின் கைப்பிடிச் சுவர் இப்போது ஒரு முட்டி. அறை எழும்பினால் மூன்று. ஓரியன் விண்மீன் கூட்டம் தலைக்கு மேலே போகிறது, யார் வீடு கட்டினாலும் அது எனக்கு இருக்கும். இது இருக்காது. லண்டன்காரருக்கு அடிவானத்துக்கு மேலேயே வராத நெபுலா நம் தெற்கில் நிற்கிறது, நான் மூன்று வருடமாக அப்புறம் பார்க்கலாம் என்று விட்டிருக்கிறேன்.

பிப்ரவரி 22
துருவ நட்சத்திரம் இங்கே 9 டிகிரி, வேப்பமரத்துக்குள் கிடக்கிறது. அது இல்லாமல், டெலஸ்கோப்பைத் தாங்கிச் சுழற்றும் மவுன்ட்டை நேர்ப்படுத்த ஒன்றரை மணி நேரம். பிறகு 120 விநாடிப் படங்கள் 18. சிவப்பு வந்துவிட்டது! ஹைட்ரஜனின் 656 நானோமீட்டர். அந்தச் சிவப்பைத் தடுக்கும் கேமரா ஃபில்டரைக் கழற்றியது வீண்போகவில்லை. ஆக்சிஜனின் நீலப்பச்சைதான் இல்லை. இவ்வளவு தாழ்வில் மூன்று மடங்கு காற்றைத் தாண்டி வர வேண்டும், அந்த நிறம்தான் அதிகம் சிதறிப்போகிறது. படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும் இரைச்சல் பாதியாக வேண்டுமானால் படம் நான்கு மடங்கு வேண்டும். 72.

பிப்ரவரி 23
ஐந்து வரி செங்கல் கட்டியிருக்கிறார்கள்.

பிப்ரவரி 24
மேகம். ஒன்பது வரி.

பிப்ரவரி 26
சிவராத்திரி. கோயில் ஃபோகஸ் லைட் மேற்கே, நல்லவேளை. 31 படம் எடுத்தபோது அம்மா மேலே வந்தாள். கேமராவைக் கழற்றி, கண் வைத்துப் பார்க்கும் ஐபீஸ் லென்ஸைப் போட்டுக் காட்டினேன்.

"திருநீறு மாதிரில்லா இருக்கு."

மங்கலான ஒளியில் கண்ணுக்கு நிறம் தெரியாது என்றேன். நடுவிலிருக்கும் ஈட்டா கரினே 1843-இல் வானத்திலேயே இரண்டாவது பிரகாசமான நட்சத்திரமாக இருந்தது என்றும் சொன்னேன்.

"எங்க ஆச்சிக்கு ஆச்சி பார்த்திருப்பா" என்று மறுபடி குனிந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். 5-ஆம் தேதி பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

ஃபோகஸ் திரும்பக் கிடைக்கவேயில்லை. போகட்டும். மொத்தம் 49.

பிப்ரவரி 28
மழை.

மார்ச் 1
மேகம். "லிண்டலுக்கு மேல எப்போ அண்ணாச்சி?" என்று கேட்டேன். "திங்கக்கிழமை தம்பி. ஏன், தூசி விழுதா?" இல்லை என்றேன்.

ஆஸ்பத்திரிப் பையில் அம்மாவின் போர்வையை வைத்தேன். எடுத்தேன். இன்றைக்கு இங்கே குளிருமே.

மார்ச் 2
இரவு 11:40. தெற்கே மேகம் பிளந்திருக்கிறது. ஜன்னல் நிலைக்கு மேலே இன்னும் சுத்தமாகத் தெரிகிறது. இன்னும் 23 படம், 46 நிமிடம். முதல் படத்தில் நட்சத்திரங்கள் புள்ளியாக நிற்கின்றன. அம்மா கீழேயிருந்து கூப்பிடுகிறாள்