குருட்டுக் குகைமீனும் ஒளியும்

வடகிழக்கு மெக்சிகோவின் சியர்ரா தெ எல் அப்ரா பகுதியிலுள்ள சுண்ணாம்புக்கல் குகைகளில் வாழும் அஸ்டியானாக்ஸ் மெக்சிகானஸ் மீனிடம் என்னை மிகவும் ஈர்ப்பது, அதற்குக் கண் இல்லை என்பதைவிட, அந்தக் கண் உருவாகத் தொடங்கிய பிறகே அழிகிறது என்பதுதான். கருவில், கண்ணின் தொடக்க வடிவமான விழிக்கிண்ணமும், ஒளியைக் குவிக்கும் வில்லையும் தோன்றுகின்றன. ஆனால் கருவுற்ற ஏறத்தாழ ஒரு நாளிலேயே வில்லையின் செல்கள் தாமாக மடியத் தொடங்குவதால், வளர்ச்சி தடைப்பட்ட கண் நாளடைவில் சிதைந்து தோலுக்கடியில் புதைந்துவிடுகிறது.

2000ஆம் ஆண்டில் உயிரியலாளர்களான யோஷியுகி யமமோட்டோவும் வில்லியம் ஜெஃப்ரியும், ஆற்றில் வாழும் அதே இன மீனின் கருவிலிருந்து வில்லையை எடுத்துக் குகைமீனின் கருவில் பொருத்தினர். அந்தப் பக்கத்தில் மட்டும் பெரிய கண் வளர்ந்தது. கண்ணை உருவாக்கும் ஆற்றல் மற்றத் திசுக்களில் எஞ்சியிருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை என்றே கருதுகிறேன். வெவ்வேறு குகைகளைச் சேர்ந்த மீன்களை இணைசேர்த்தபோது, சில குஞ்சுகளுக்குப் பார்வை திரும்பியதும் 2008இல் தெரியவந்தது. பழுதடைந்த மரபணுக்கள் குகைக்குக் குகை வேறுபடுவதால், ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுசெய்கிறது.

கண் போனாலும் ஒளியுணர்வு முற்றிலும் போய்விடவில்லை. ஓரிரு நாள் வயதுடைய குகைமீன் குஞ்சுகள், மேலே நிழல் விழுந்தவுடன் மேல்நோக்கி நீந்துகின்றன. மசாட்டோ யோஷிசாவாவும் ஜெஃப்ரியும் கண்களை நீக்கிப் பார்த்தபோது அந்த நடத்தை நீடித்தது. மூளையின் மேற்புறத்திலுள்ள, ஒளியை உணரும் பினியல் உறுப்பை நீக்கியபோதோ பெரிதும் குறைந்தது. ஆற்றுமீன் குஞ்சுகளும் நிழலுக்கு இவ்வாறே மேலெழுகின்றன.