விரலை எடுத்ததும் வரும் செய்தி

"பட்டனை அமுக்கினா லைட் மாறணும், சவுண்டு வரணும். அவ்வளவுதானே சார்?" அருங்காட்சியகக் கூடங்களுக்கு ஷோ கன்ட்ரோல் (லைட், சவுண்டு, வீடியோவைச் சேர்த்து இயக்கும் ஏற்பாடு) கேட்பவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். அமுக்கியதும் ஒரு கியூவை (லைட், சவுண்டுக்கு முன்பே எழுதி வைத்த கட்டளை) ஓட வைப்பது ஐந்து நிமிட வேலை. ஷோ பாதியில் ஓடும்போது இன்னொரு குழந்தை அமுக்கினால்? அமுக்கிய விரலை எடுக்காமலே நின்றால்? கரண்ட் போய் வந்த கணத்தில்? மீதி நாட்கள் இதற்குத்தான் போகும்.

முதலில் வயரிங். பெரும்பாலான கன்ட்ரோலர் இன்புட்டுகள் டிரை காண்டாக்ட் ஏற்பவை. வோல்டேஜ் இல்லாத வெறும் சுவிட்ச் இன்புட்டையும் காமனையும் சேர்த்தால் போதும். உள்ளே இருக்கும் புல்-அப் ரெசிஸ்டர் இன்புட்டைத் தூக்கிப் பிடித்திருப்பதால், திறந்திருந்தால் ஹை, மூடினால் லோ. இந்தத் தலைகீழ்க் கணக்கை மறந்துவிட்டால், விரலை எடுக்கும்போதுதான் ஷோ தொடங்கும்.

யாரும் தொடாமலே ஷோ ஓடுகிறது என்றால் கேபிளைப் பாருங்கள். ராஸ்பெர்ரி பை என்ற சின்ன கம்ப்யூட்டர் போர்டின் உள் புல்-அப் சுமார் 50 கிலோ ஓம். மேசையில் சோதிக்கும்போது சரியாக இருக்கும். லைட்டின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரின் கேபிளை ஒட்டி 30 மீட்டர் ஓடினால் அதே வயர் ஆன்டெனாவாகிவிடும். அதற்கு 24 வோல்ட் டிசி சப்ளை, சுவிட்ச், 2.2 கிலோ ஓம் அரை வாட் ரெசிஸ்டர், ஆப்டோகப்ளர் (சிக்னலை ஒளி வழியாகக் கடத்தி இரண்டு பக்கத்தையும் பிரித்து வைக்கும் சில்) என வரிசையாகப் போடுவது நல்லது. சுமார் 10 மில்லி ஆம்பியர் ஓடும். அந்தக் கரண்ட் வெள்ளிக் காண்டாக்ட்டில் படியும் மெல்லிய படலத்தையும் உடைத்துக்கொண்டே இருக்கும். கால் வாட் ரெசிஸ்டர் வேண்டாம். பட்டன் சிக்கிக்கொண்ட நாளில் அது சுட்டுக்கொண்டே கிடக்கும். ராஸ்பெர்ரி பையின் இன்புட் பின் (pin) 3.3 வோல்ட்தான் தாங்கும் என்பதால் 24 வோல்ட் ஆப்டோகப்ளரைத் தாண்டி இந்தப் பக்கம் வரவே கூடாது.

டிபௌன்ஸ், அதாவது காண்டாக்ட் துள்ளி அடங்கும் வரை காத்திருக்கும் நேரம், 20 முதல் 50 மில்லி செகண்ட் போதும். ஷோ இரண்டு முறை தொடங்குகிறது என்று இதை 500 ஆக்குகிறவர்கள் உண்டு. அப்போது பட்டனைச் சட்டெனத் தட்டிவிட்டு ஓடும் குழந்தைக்கு ஒன்றும் நடக்காது. அது இன்னும் நாலு முறை அடிக்கும். காண்டாக்ட் துள்ளுவது வேறு, ஆள் மறுபடி அமுக்குவது வேறு. இரண்டாவதற்குத் தேவை லாக்அவுட், அதாவது ஷோ முடியும் வரை பட்டனைக் கண்டுகொள்ளாமல் இருப்பது. 90 செகண்ட் ஷோவுக்கு 90 செகண்ட் டைமர் போடுவது சுலபம்தான். ஆனால் அடுத்த மாதம் ஷோவை 120 ஆக நீட்டுபவருக்கு அந்த டைமர் ஞாபகம் இருக்காது. அதனால் 'ஓடுகிறது' என்று ஒரு வேரியபிள் வைத்து, கடைசி கியூவில் அதை அழிக்க வேண்டும். வீடியோ பிளேயர் நடுவில் தொங்கிவிட்டால் அந்தக் கடைசி கியூ வராது, பட்டன் நாள் முழுக்கச் செத்துக் கிடக்கும். ஆகவே ஷோவின் நீளத்தைவிட ஒரு நிமிடம் கூடுதலாக, அந்த வேரியபிளை அழிக்கும் ஒரு பாதுகாப்பு டைமரும் தேவை.

ஆள் நடமாட்டத்தை உடல் வெப்பத்தால் உணரும் பிஐஆர் சென்சார்கள் கரண்ட் வந்ததும் அரை நிமிடம், ஒரு நிமிடம் வரை பொய் சொல்லும். பூட் ஆன முதல் 60 செகண்டுக்கு அவற்றை நம்பாதீர்கள்.

டிஎம்எக்ஸ் (சேனலுக்கு 0 முதல் 255 வரை மதிப்பு அனுப்பும் லைட்டிங் சிக்னல்) மூலம் ட்ரிகர் செய்யும்போது வேறொரு வம்பு. 10 முதல் 19 வரை முதல் கியூ, 20 முதல் 29 வரை இரண்டாவது என்று வைத்திருக்கிறோம். லைட்டிங் கன்சோல் அந்தச் சேனலை 2 செகண்டில் 0-விலிருந்து 25-க்கு ஏற்றினால், வழியில் முதல் கியூவையும் தட்டிவிட்டுத்தான் போகும். அந்தச் சேனலுக்கு ஃபேட் டைம் 0 வையுங்கள், எல்லா லைட்டையும் சேர்த்துக் குறைக்கும் கிராண்ட் மாஸ்டருக்கு வெளியே வையுங்கள். ஆன், ஆஃப் மட்டும் என்றால் 140-க்கு மேல் ஆன், 110-க்குக் கீழ் ஆஃப் என்று இடைவெளி விடுங்கள். 128-ஐ மட்டும் எல்லையாக வைத்தால், ஃபேடர் அங்கே நின்று நடுங்கும்போது ஆனும் ஆஃபும் மாறி மாறி வரும்.

கருவிகள் ஒன்றோடொன்று பேசும் முறைகளான மிடியிலும் ஓஎஸ்சியிலும் பட்டனை விடுவதும் பெரும்பாலும் ஒரு செய்திதான். மிடியில் வெலாசிட்டி (அமுக்கிய வேகம்) 0 கொண்ட நோட் ஆன் உண்மையில் நோட் ஆஃப். நோட் எண்ணை மட்டும் பார்க்கும் ட்ரிகர் அமுக்கும்போதும் விடும்போதும் இரண்டு முறை இயங்கும். டேப்லெட்டில் வரைந்த பட்டன்கள் வழக்கமாக அமுக்கினால் 1, விட்டால் 0 அனுப்பும். 1-ஐ மட்டும் ஏற்கச் சொல்ல வேண்டும். ஷோ கட்டளைகளுக்கான மிடி ஷோ கன்ட்ரோலில் கியூ எண் எழுத்தாகப் போகிறது. கியூ 12 என்றால் ஹெக்ஸில் 31, 32 என்ற இரண்டு பைட்டுகள். பைட்டெல்லாம் சரி, கியூ ஓடவில்லை என்றால் டிவைஸ் ஐடியைப் பாருங்கள். எல்லாருக்கும் கேட்கும் ஐடியான 127-இல் சோதித்துவிட்டு அப்படியே விட்டுப்போனால், சவுண்டுக்கு அனுப்பிய 'கோ' (தொடங்கு) கட்டளை லைட்டிலும் விழக்கூடும்.

ஃபயர் அலாரம் இன்புட் மட்டும் தனி ஜாதி. மற்றதெல்லாம் நார்மலி ஓப்பன் (சும்மா இருக்கும்போது திறந்திருப்பது) என்றால் இது நார்மலி குளோஸ்டு (சும்மா இருக்கும்போது மூடியிருப்பது), வயர் அறுந்தாலும் அலாரமாகவே படிக்கும்படி. இதற்கு லாக்அவுட் கிடையாது, பூட் நேரக் காத்திருப்பும் கிடையாது. எமர்ஜென்சி ஸ்டாப்பை கன்ட்ரோலர் வழியாக எடுக்கவே வேண்டாம். அது நேராக கான்டாக்டர் (மெயின் கரண்டை இணைத்துத் துண்டிக்கும் பெரிய ரிலே) காயிலின் சப்ளையை வெட்டட்டும். அது வெட்டியதைத் தெரிந்துகொள்ள மட்டும் கன்ட்ரோலருக்கு ஒரு துணைக் காண்டாக்ட் இழுத்தால் போதும்.