எட்டு எழுத்துக் கடவுச்சொல்: என் நோடின் நாட்குறிப்பு

மார்ச் 4
என் கணினி ஃபிடோநெட்டில் ஒரு நோட், அதாவது கணினிகள் ஒன்றுக்கொன்று கடிதம் கடத்தும் பழைய வலையில் ஒரு முனை. எனக்கு அஞ்சல் தரும் மேல்முனையான அப்லிங்கின் சிஸ்ஆப்போடு (அதை நடத்துபவர்) பேசி கடவுச்சொல்லை மாற்றினோம். பழையது வெறும் ஐந்து எழுத்து, பல வருடமாக அப்படியே கிடந்தது. புதியது 12 எழுத்து, பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் கலந்து. இணைப்பைக் கவனிக்கும் நிரலான மெயிலர் உடனே இணைந்தது.

மார்ச் 5
நேற்றிலிருந்து என் எக்கோமெயில் (பொது விவாதக் கடிதங்கள்) எதுவும் வெளியே போகவில்லை. கோப்பு அவரிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது, ஆனால் அவருடைய டாசர், அதாவது கடிதங்களைக் கட்டாக்கவும் பிரிக்கவும் செய்யும் நிரல், அந்தக் கட்டை, அதாவது பாக்கெட்டைப் பிரிக்காமலே ஒதுக்கி வைத்துவிட்டது. கடவுச்சொல் பொருந்தவில்லையாம். அதே கடவுச்சொல்லை மெயிலர் ஏற்றுக்கொண்டதே!

மார்ச் 6
ஃபிடோநெட்டின் அடிப்படைத் தொழில்நுட்ப விதிகளைச் சொல்லும் எஃப்டிஎஸ்-0001 ஆவணத்தை எடுத்து உட்கார்ந்தேன். ஃபிடோநெட்டை டாம் ஜென்னிங்ஸ் தொடங்கியது 1984-இல். அந்தக் காலத்துப் பாக்கெட் அமைப்புதான் இன்றும் ஓடுகிறது. 58 பைட் தலைப்பு, அதில் கடவுச்சொல்லுக்கு 8 பைட், மிச்ச இடத்தைப் பூஜ்யத்தால் நிரப்ப வேண்டும், அவ்வளவுதான். என் டாசர் 12-ஐ 8 ஆக வெட்டி அனுப்பியது, அவருடையது முழு 12-ஐயும் ஒப்பிட்டது. நீளமாக இருந்தால் வெட்டுவதா மறுப்பதா, பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒன்றா வேறா என்று தேடித் தேடிப் பார்த்தேன், ஒரு வரி கிடைக்கவில்லை. சரியாக 8 எழுத்து வைத்தாலும் ஒரு சிக்கல் இருக்கிறது: முடிவைக் காட்டப் பூஜ்யம் இருக்காது, ஆகவே பூஜ்யம் வரும்வரை படிக்கும் நிரல் அடுத்துள்ள ஸோன் எண்ணையும் (வலையின் எந்தப் பெரும் பகுதி என்று காட்டுவது) சேர்த்து விழுங்கிவிடும். ஒவ்வொருவரும் தனக்குப் பட்டபடி நிரல் எழுதினால் இப்படித்தான் ஆகும்.

மார்ச் 7
ஏழு எழுத்து, எல்லாம் பெரிய எழுத்து. ஓடுகிறது.

மார்ச் 9
இரண்டு நாளாக மனதை உறுத்தியது இன்றுதான் பிடிபட்டது. மெயிலர்கள் இணையம் வழியாகப் பேசும் பிங்க்பி இணைப்பில் கிராம்-எம்டி5 என்ற அடையாளச் சோதனை இருக்கிறது: எதிர்முனை ஒரு புதிர் அனுப்பும், நாம் கடவுச்சொல்லையும் புதிரையும் சேர்த்துக் கணக்கிட்ட விடையை மட்டும் திருப்பி அனுப்புவோம், கடவுச்சொல் கம்பியில் போகவே போகாது. நல்ல ஏற்பாடு. ஆனால் நான் பாக்கெட்டுக்கும் அதே சொல்லை வைத்திருக்கிறேனே! வாசலில் அவ்வளவு கவனமாக மறைத்ததை அடுத்த நொடியே பாக்கெட் தலைப்பில் அப்பட்டமாக எழுதி அதே இணைப்பில் அனுப்புகிறேன். பாக்கெட்டை ஜிப்பில் கட்டினாலும் அது சுருக்கம்தான், பூட்டு இல்லை. எந்த எக்கோமெயில் பகுதிகள் வேண்டும் என்று கடிதத்தில் கேட்கும் ஏரியாஃபிக்ஸ் இன்னும் மோசம், அங்கே கடவுச்சொல் நெட்மெயிலின் (தனிக் கடிதம்) பொருள் வரியிலேயே நிற்கிறது. வேறு நோட் வழியாகப் போனால் அந்த நோடின் சிஸ்ஆப்பும் படிக்கலாம்.

மார்ச் 12
இணைப்புச் செஷன், பாக்கெட், ஏரியாஃபிக்ஸ் மூன்றுக்கும் மூன்று தனிச் சொல். பாக்கெட்டில் இருப்பது ரகசியமே இல்லை என்று வைத்துக்கொண்டேன், அது தவறான பாக்கெட்டைத் தடுத்தால் போதும். செஷனுக்கு நீளமானது. ஏரியாஃபிக்ஸ் கடிதம் இனி நேரடி இணைப்பில் மட்டும். அப்புறம் என் மெயிலரான பிங்க்டியில் எல்லா நோடுக்கும் எம்டி5 கட்டாயம் என்று போட்டேன், இல்லையென்றால் எதிர்முனை கேட்டதும் வெறும் எழுத்தில் கொடுத்துவிடும்.

மார்ச் 13
என்னிடமிருந்து அஞ்சல் பெறும் டவுன்லிங்க் ஒருவரால் இணையவே முடியவில்லை. அவருடைய பழைய மெயிலருக்குக் கிராம் தெரியாது, மாற்றவும் மனமில்லை. அவருக்கு மட்டும் கட்டாயத்தை எடுத்துவிட்டு, வேறெங்கும் பயன்படுத்தாத ஒரு சொல்லைத் தொலைபேசியில் சொன்னேன். எழுத்துக்கு எழுத்து, பெரியதா சின்னதா என்று இரண்டு முறை.