மஜ்ஜை மாற்றுக்குப் பிறகு வந்த இரண்டு காய்ச்சல்கள்

என் கணவருக்கு ரத்தப் புற்றுநோய். எலும்பு மஜ்ஜை மாற்று கோலாலம்பூரில் நடந்தது; மஜ்ஜை கொடுத்தது அவருடைய அக்கா. உடன்பிறந்தவர் ஒருவருக்குப் பொருந்த 25 விழுக்காடுதான் வாய்ப்பு என்றார்கள். எங்களுக்கு அக்காவே பொருந்தியது பெரிய புண்ணியம். நான் எழுத வந்தது அதற்குப் பிறகு நடந்ததை. அவர் ரத்தத்தில் இரண்டு தடவை கிருமி புகுந்தது. இதே கட்டத்தில் இருக்கும் குடும்பங்களுக்கு உதவும் என்றுதான் விவரமாக எழுதுகிறேன்.

முதல் தடவை, வார்டிலேயே. மாற்றுக்கு முன் கொடுக்கும் கடுமையான கீமோ பழைய மஜ்ஜையைத் துடைத்தெடுத்துவிடும். புது மஜ்ஜை வேலையைத் தொடங்க இரண்டு மூன்று வாரமாவது ஆகும். அதுவரை கிருமியோடு சண்டை போடும் நியூட்ரோஃபில் அணுக்கள் கிட்டத்தட்ட இல்லை. 500க்குக் கீழே போனாலே ஆபத்து. அவருக்குப் பூஜ்யத்தை ஒட்டி நின்றது. அதே கீமோ வாயிலிருந்து குடல்வரை உள்தோலையும் உரித்துவிட்டது. எச்சில் விழுங்கவே கண்ணில் தண்ணீர் வந்துவிடும் அவருக்கு.

ஒரு மாலை உடம்புச் சூடு 38.4. தாதி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, நேராக டாக்டரை அழைத்தார். மருந்து ஏற்ற நெஞ்சில் போட்டிருந்த குழாயான ஹிக்மன் லைனின் இரண்டு வாயிலிருந்தும் தனித்தனியாக ரத்தம் எடுத்தார்கள், கையிலிருந்தும் எடுத்தார்கள். எல்லாம் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் பாட்டில்களுக்குப் போனது. உடனே ஆன்டிபயாடிக் டிரிப் ஏறியது. ஒரு மணி நேரத்துக்குள் மருந்து ஏறிவிட வேண்டும் என்பது அங்கே கண்டிப்பான விதி. ரத்தத்தை ஏன் முதலில் எடுக்கிறார்கள் என்று பிறகு கேட்டேன். மருந்து போனபின் எடுத்தால் கிருமி பாட்டிலில் வளராமல் போகலாம். எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று தெரியாமலே போய்விடுமாம்.

மறுநாள் கல்ச்சரில் ஈ கோலை என்ற கிருமி என்று வந்தது. என் மாமியார் முந்தின நாள் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். “என்னாலதான் வந்துச்சோ” என்று அழுதுகொண்டே இருந்தார். டாக்டர் அவரை உட்காரவைத்து விளக்கினார்: இது வெளியிலிருந்து வந்ததில்லை அம்மா, எல்லார் குடலிலும் இருக்கிற கிருமிதான், உள்தோல் புண்ணாகி இருப்பதால் ரத்தத்துக்குள் இறங்கிவிட்டது. அந்த டாக்டருக்கு நான் என்றைக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தைக் குற்ற உணர்ச்சி தின்றுவிடும்.

அப்புறம் ரத்த அழுத்தம் இறங்கியது, உப்புநீர் ஏற்றினார்கள், ஒரு மோசமான இரவு கடந்தது. மருந்து கேட்டது. நியூட்ரோஃபில் மூன்று நாள் தொடர்ந்து 500க்கு மேல் நின்றதும் மஜ்ஜை பிடித்துவிட்டது என்றார்கள்.

இரண்டாவது தடவை செந்தூலில், எங்கள் வீட்டில். இதைத்தான் அழுத்திச் சொல்ல வேண்டும். வீட்டுக்கு வந்துவிட்டாலே பாதி கிணறு தாண்டிவிட்டோம் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் லைன் இன்னும் நெஞ்சில் இருந்தது. தோலில் வந்த ஒட்டுப் பிரச்சினைக்கு, அதாவது புது அணுக்கள் உடம்பைத் தாக்குவதற்கு, ஸ்டீராய்டும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அன்று மருத்துவமனையின் டே கேரில், அதாவது பகல்நேரப் பிரிவில், லைனைக் கழுவிவிட்டுக் காரில் திரும்பிக்கொண்டிருந்தோம். “ஏசியைக் குறைம்மா” என்றார். குறைத்தேன். வீட்டுக்குள் நுழையும்போது பல் தந்தியடித்தது. போர்வைக்கு மேல் போர்வை போட்டும் கட்டில் ஆடியது. சூடு பார்த்தால் 37.2. என் கொழுந்தனார், “அண்ணி, ரெண்டு பனடோல் கொடுத்துப் படுக்க வைங்க, காலையில பார்ப்போம்” என்றார். அன்பில் சொன்னதுதான். ஆனால் ஸ்டீராய்டு காய்ச்சலை மறைத்துவிடும், பனடோலும் மறைத்துவிடும். லைனைக் கழுவிய கொஞ்ச நேரத்தில் நடுக்கம் வந்தால், குழாய்க்குள் ஒட்டியிருந்த கிருமி ரத்தத்துக்குள் தள்ளப்பட்டிருக்கலாம் என்று வார்டில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். கொடுக்கவில்லை, கிளம்பிவிட்டோம்.

பக்கத்து மருத்துவமனையின் அவசரப் பிரிவில் காய்ச்சல் இல்லை என்பதால் அவசரம் குறைந்தவர்கள் காத்திருக்கும் பச்சை மண்டலத்தில் நம்பர் எடுத்து உட்காரச் சொன்னார்கள். நிறைய இருமல், நிறைய கூட்டம். நான் உட்காரவில்லை. டிஸ்சார்ஜ் கடிதத்தை கவுன்டரில் வைத்து, “மஜ்ஜை மாற்று செய்தவர், நெஞ்சில் லைன் இருக்கிறது, கழுவியதும் நடுக்கம், ஸ்டீராய்டு சாப்பிடுகிறார்” என்று மெதுவாக, தெளிவாக, திரும்பத் திரும்பச் சொன்னேன். ஒரு மருத்துவ உதவியாளர் கடிதத்தைப் படித்துவிட்டு உள்ளே கூட்டிப்போனார். கல்ச்சர் எடுத்து மருந்து ஏறும்போது சூடு 39ஐத் தாண்டியிருந்தது.

லைனில் எடுத்த பாட்டில், கையில் எடுத்ததைவிட இரண்டு மணி நேரத்துக்கும் மேல் முந்திக்கொண்டு கிருமியைக் காட்டியது. கிருமிக் கூடு லைனில்தான் என்பதற்கு அது நல்ல அடையாளமாம். ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ். இந்தக் கிருமி என்றால் லைனைக் காப்பாற்றப் பார்ப்பதில்லை, எடுத்துவிட்டார்கள். இதய வால்வில் ஒட்டியிருக்கிறதா என்று எக்கோ என்ற இதய ஸ்கேன் பார்த்தார்கள், நல்லவேளை, இல்லை. க்ளோக்சசிலின் என்ற ஆன்டிபயாடிக் வாரக்கணக்கில் ஏறியது. ரத்தம் சுத்தமானது என்று கல்ச்சர் காட்டிய நாளிலிருந்துதான் கணக்குத் தொடங்குவார்கள்.

நீங்கள் டிஸ்சார்ஜ் ஆகப் போகிறீர்கள் என்றால், வார்டை விட்டு வரும்முன் டாக்டரிடம் ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கள். என்ன மாற்று, எந்தத் தேதி, லைன் இருக்கிறதா, என்ன மாத்திரைகள், காய்ச்சலோ நடுக்கமோ வந்தால் உடனே கல்ச்சரும் ஆன்டிபயாடிக்கும் வேண்டும் என்பது ஒரே பக்கத்தில் இருக்கட்டும். இரவில் அழைக்க வேண்டிய எண்ணையும், எந்த மருத்துவமனைக்கு நேராக வர வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள். ஒரு நகல் கைப்பையில், ஒன்று காரில்.