டர்பனில் எம்.எஸ்சி. உயிரியல்: நண்டை விடக் காகிதம்தான் கடித்தது

ஆய்வேடு ஒருவழியாகக் கையை விட்டுப் போய்விட்டது, தேர்வாளர்கள் சொன்ன திருத்தங்களும் முடிந்தன. இனி யாருக்கும் பயப்பட வேண்டியதில்லை என்பதால் எழுதுகிறேன். ஊரிலிருந்து கேட்கிறவர்கள் எல்லோரும் "அங்கே படிப்பு கஷ்டமா?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். படிப்பு ஒன்றும் கஷ்டமில்லை. காகிதம்தான் கஷ்டம்.

இங்கே தென்னாப்பிரிக்காவில் பி.எஸ்சி. மூன்று வருடம், அதற்கு மேல் ஆனர்ஸ் ஒரு வருடம், அப்புறம்தான் எம்.எஸ்சி. நம் மூன்று வருடப் பட்டத்தைக் காட்டி நேரே உள்ளே போய்விடலாம் என்று சென்னையில் ஏஜெண்ட் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சாக்வா என்கிற தகுதிகள் ஆணையம் என் விலங்கியல் பட்டத்துக்கு ஏழாம் நிலை என்று எழுதிக் கொடுத்தது. ஆனர்ஸ் எட்டு, எம்.எஸ்சி. ஒன்பது. ஆக ஆனர்ஸையும் இங்கேயே முடித்தேன். அதில் வகுப்பு, தேர்வு எல்லாம் உண்டு. நான் சேர்ந்த எம்.எஸ்சி.யில் வகுப்பே கிடையாது, 180 கிரெடிட்டும் ஆய்வேடுதான்.

சாக்வா பக்கம் குறை சொல்ல ஒன்றுமில்லை. இழுத்தடித்தது நம்மூர்தான். மதிப்பெண் பட்டியல் உண்மையா என்று அவர்கள் நான் படித்த பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கேட்டால், தேர்வுப் பிரிவில் இருந்தவர் "டிடி எடுத்து அனுப்பச் சொல்லுங்க, அப்புறம் பார்க்கலாம்" என்றாராம். பிரிட்டோரியாவில் இருக்கிற ஆணையம் எந்த வங்கியில் போய் சிதம்பரத்துக்கு டிமாண்ட் டிராஃப்ட் எடுக்கும்? கடைசியில் அப்பா நேரில் போய், தானே டிடி கட்டி, பதில் மின்னஞ்சல் போனதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் நாற்காலியை விட்டு எழுந்தார். கிளம்புவதற்கு முன்பே அந்தப் பிரிவில் ஒருவரைப் பழக்கம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

விசா பெரிதாகப் படுத்தவில்லை. போலீஸ் சான்று, மருத்துவச் சான்று, அப்போது கேட்ட எக்ஸ்ரே அறிக்கை எல்லாம் வழக்கம்போல. ஒன்றே ஒன்று, பயணக் காப்பீடு செல்லாது. இந்த நாட்டில் பதிவான மெடிக்கல் எய்ட் திட்டத்தில்தான் சேர வேண்டும்.

வந்து இறங்கிய பிறகு எதற்கெடுத்தாலும் சான்றளித்த நகல் கேட்பார்கள். நம்மூர் போல கெசட்டட் ஆபீசரைத் தேடி அலைய வேண்டாம், பக்கத்துப் போலீஸ் நிலையத்திலேயே காசு வாங்காமல் முத்திரை போட்டுத் தருகிறார்கள். ஆனால் பல இடங்களில் மூன்று மாதத்துக்கு மேல் பழைய முத்திரையை ஏற்பதில்லை. ஒரு கவுண்டரில் என் கட்டு முழுவதையும் திருப்பிக் கொடுத்தார்கள். காரணம் கேட்டால், முத்திரை கறுப்பு மையில் இருக்கிறதாம், அதனால் நகலின் நகல் போலத் தெரிகிறதாம். எச்சில் தொட்டுத் தேய்த்துக் காட்டினேன், மை விரலில் ஒட்டியது. அந்த அம்மாள் என் விரலைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், ஜன்னலைச் சாத்திவிட்டார். டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் நான் தங்கியிருந்த வீட்டு ஆன்ட்டிதான் அன்று சாயங்காலம் அடுத்த தெரு வக்கீலிடம் கூட்டிப்போனார். அவரிடம் நீல மை இருந்தது.

இப்போது நண்டுக்கு வருகிறேன். ஆய்வு, உம்கெனி ஆற்று முகத்துவாரத்தை ஒட்டிய பீச்வுட் சதுப்புநிலக் காட்டில். பிச்சாவரத்தில் பார்த்து வளர்ந்த அதே வெண்கண்டல் இங்கும் நிற்கிறது. அதன் அடியில் சிவப்புக் கொடுக்கு நண்டு, உதிர்ந்த இலையைப் பிடித்து வளைக்குள் இழுத்துக்கொண்டு போகும். எவ்வளவு இலை உள்ளே போகிறது என்பதுதான் என் கேள்வி. 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு ஆறு கொண்டுவந்து கொட்டிய பிளாஸ்டிக் வேறு வேரோடு வேராகச் சிக்கிக் கிடந்தது.

நம்மூரில் நண்டு பிடித்து ஆய்வு செய்ய எத்திக்ஸ் ஒப்புதல் என்று என்னை யாரும் கேட்டதில்லை. இங்கே விலங்கு ஆய்வுக்கான தேசியத் தரத்தில் கணவாயும் நண்டு இனமும் சேர்த்தி. அதனால் எலிக்கு நிரப்புகிற மாதிரியே நண்டுக்கும் நீளமான படிவம், வலி எப்படிக் குறைப்பாய் என்ற கேள்வி உட்பட. ஆன்ட்டி நாலு தலைமுறைக்கு முன் கரும்புத் தோட்டத்துக்கு வந்த குடும்பம், தமிழ் கொஞ்சம் கொஞ்சம்தான். அடுப்பில் நண்டுக் குழம்பு கொதிக்க, படிவத்தை எட்டிப் பார்த்துவிட்டு "கடையில வாங்குறதுக்கு இதெல்லாம் வேணாம்தானே, ம்மா?" என்று உண்மையிலேயே கவலைப்பட்டார்.

சிக்கல் படிவத்தில் இல்லை. எத்திக்ஸ் குழு, பிடிப்பதற்கான பெர்மிட்டைக் கொண்டுவா, ஒப்புதல் தருகிறோம் என்றது. பெர்மிட் தருகிற அலுவலகம், எத்திக்ஸ் ஒப்புதலைக் கொண்டுவா, பெர்மிட் தருகிறோம் என்றது. பைத்தியம் தெளிந்தால் கல்யாணம், கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும். மின்னஞ்சலுக்குப் பதில் கிடையாது, தொலைபேசியை எடுக்கிறவர் "அவங்க லீவு" என்று வைத்துவிடுவார். இதற்கிடையில் மழைக்காலம் பாதி போய்விட்டது, அந்தப் பருவத்துத் தரவு போனது போனதுதான்.

தப்பித்த வழியைச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். "பெர்மிட் கிடைக்கும் நாளிலிருந்து செல்லும்" என்ற நிபந்தனையோடு தற்காலிக ஒப்புதல் கடிதம் தரச் சொல்லி எத்திக்ஸ் குழுவிடம் கேளுங்கள். அவர்களாகச் சொல்ல மாட்டார்கள், கேட்டால் தருவார்கள். என் துறையில் டாக்டரேட் செய்துகொண்டிருந்த ஜூலு அக்கா ஒருவர் காபி குடிக்கும்போது போகிறபோக்கில் சொன்னார். அவர் சொல்லாவிட்டால் நான் இன்னும் அங்கேயேதான் நின்றிருப்பேன்.

அதோடு முடிந்ததா? இல்லை. இந்த நண்டைப் பல காலம் நியோசர்மேஷியம் மெய்னெர்டி என்று சொல்லிவந்தார்கள், 2012ல் ஆப்பிரிக்கக் கரையில் இருப்பது தனி இனம் என்று பிரித்து ஆஃப்ரிக்கானம் ஆக்கிவிட்டார்கள். எத்திக்ஸ் கடிதத்தில் புதுப் பெயர், அலுவலகத்துப் பட்டியலில் பழைய பெயர். இரண்டு வெவ்வேறு பிராணி என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். காரில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போய், அந்த 2012 கட்டுரையின் முதல் பக்கத்தை மேசையில் வைத்து, பெயர் மாறிய வரியை விரலால் காட்டினேன். அதிகாரி மெதுவாகப் படித்தார். அப்புறம் பேனாவை எடுத்துப் பழைய பெயருக்குப் பக்கத்திலேயே புதுப் பெயரையும் எழுதிச் சுருக்கொப்பம் போட்டார். ஐந்து நிமிட வேலை! படிவத்தில் இரண்டு பெயரையும் சேர்த்தே போட்டுவிடுங்கள். அப்படியே மரத்தையும் பாருங்கள். கறுப்புக் கண்டலும் சிவப்புக் கண்டலும் 1998 வனச் சட்டத்தின் பாதுகாக்கப்பட்ட மரப் பட்டியலில் இருக்கின்றன. கிளையில் கைவைப்பதாக இருந்தால் அதற்குத் தனி உரிமம்.

களவேலை சுகமாகப் போனது. தனியாகப் போகக் கூடாது, அவ்வளவுதான். ஆன்ட்டியின் அண்ணன் மகன் ஓதம் இறங்குகிற நேரமெல்லாம் கூட வந்து நின்றான், அவனுக்குச் சம்பளம் பன்னி சௌ, அதாவது குடைந்த ரொட்டிக்குள் குழம்பு ஊற்றித் தருகிற டர்பன் சாப்பாடு. ஆய்வகத்தில் 2023 மின்வெட்டு பாடாய்ப் படுத்தியது. கடுமையான ஆறாம் நிலை மின்வெட்டு என்றால் பிசிஆர் ஓட்டத்தையே, மின்வெட்டு நேரம் சொல்லும் எஸ்கொம்-செ-புஷ் செயலியைப் பார்த்துத்தான் தொடங்க முடிந்தது. மைனஸ் 80 ஃப்ரீசர் ஜெனரேட்டர் லைனில் இருக்கிறதா என்று, மாதிரியை வைப்பதற்கு முன்பே ஒயரைத் தொடர்ந்து போய்ப் பார்த்துவிடுங்கள். வாய்வார்த்தையை நம்ப வேண்டாம்.

கடைசியாக, தேர்வாளர் முடிவு வர மாதக்கணக்காகும், விசா அதற்காகக் காத்திருக்காது. நீட்டிப்பு விண்ணப்பம் விசா முடிவதற்கு 60 நாளுக்கு முன்பே போய்ச் சேர வேண்டும். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கிற அன்றே மேற்பார்வையாளரிடமும் பதிவாளர் அலுவலகத்திலும் "முடிவுக்காகக் காத்திருக்கிறார்" என்று தேதி போட்டுக் கடிதம் வாங்கிவிடுங்கள். மறுநாள் போனால் மேற்பார்வையாளர் மாநாட்டுக்குப் போயிருப்பார்.