முதலில் சத்தமா, கிளட்ச்சா?

பிப்ரவரி 4, இரவு

என் டர்போ காரில் மாற்றப் போகிறவற்றின் பட்டியல் போட்டாச்சு: டவுன்பைப், பின்பக்க சைலன்சர், ஈசியூ மேப் (எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டரின் அமைப்பு), கிளட்ச், லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் (ஒரு சக்கரம் வழுக்கினாலும் மற்றதுக்கு இழுவை விடும் பல்சக்கரத் தொகுதி). வரிசைதான் குழப்பம். மனசு ஓடுவது சைலன்சருக்கு. ஸ்டார்ட் பண்ணினதுமே காதில் விழும் மாற்றம் அது ஒன்றுதான். ஆனால் டர்போ வண்டியில் பின்பக்கக் குழாய் தருவது பெரும்பாலும் சத்தம். புகைக்கு வழி விடுவது டர்போவை ஒட்டி இறங்கும் டவுன்பைப்.

பிப்ரவரி 6

காலியான சாலையில் கிளட்ச் சோதனை. நாலாவது கியர், 2,000 ஆர்பிஎம், ஆக்சிலேட்டரை முழுசாக அமுக்கினேன். 3,000 தாண்டியதும் முள் மட்டும் துள்ளிக்கொண்டு 3,600-க்குப் போனது. வேகம் அப்படியே நின்றது. பின்னாலேயே கருகின வாசம். இருக்கிற 240 நியூட்டன் மீட்டர் டார்க்கையே (எஞ்சினின் முறுக்கு விசை) பிடிக்க முடியாத கிளட்ச், மேப் போட்டு 300 வந்தால் என்ன செய்யும்? டர்போ சோம்பல் என்று இத்தனை நாள் அதைத் திட்டிக்கொண்டிருந்தேன், பாவம்.

பிப்ரவரி 9

மெக்கானிக் அண்ணன் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "கியர்பாக்ஸை ஒரு தடவைதான் இறக்குவேன் தம்பி. உள்ள என்னென்ன மாத்தணுமோ இப்பவே சொல்லிடு."

நம்முடையது முன்சக்கரங்கள் இழுக்கும் வண்டி. டிஃபரன்ஷியல் கியர்பாக்ஸ் கூட்டுக்குள்ளேயே இருக்கிறது. தனித்தனியாகச் செய்தால் கூலி இரண்டு முறை. முதல் கியர் விகிதம் 3.5, ஃபைனல் டிரைவ் (சக்கரத்துக்கு முன் கடைசிப் பல்சக்கர விகிதம்) 4, பெருக்கினால் 14. அதாவது எஞ்சினின் 300 சக்கரப் பக்கம் 4,200 ஆகிறது. சாதா டிஃபரன்ஷியலில் ஒரு சக்கரம் வழுக்கினால், மற்றதுக்கும் அதே அற்ப டார்க்தான். மீதி வெறும் டயர் புகை. சைலன்சருக்கு ஒதுக்கின பணம் டிஃபரன்ஷியலுக்குப் போனது.

பிப்ரவரி 17

கியர்பாக்ஸ் இறங்கியது. கிளட்ச் பிளேட்டில் லைனிங் தேய்ந்து ரிவெட் தலை விரல் நுனியில் நெருடுகிறது. ஃப்ளைவீல் (கிளட்ச் ஒட்டும் கனமான சக்கரம்) முகத்தில் நீலத் திட்டுகள். கிராங்க் பின்பக்க சீலைச் சுற்றி மெல்லிய எண்ணெய் ஈரம். வெளியிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. ஒரு சின்ன ரப்பர் வளையம்தான், ஆனால் அதை மாற்ற இத்தனையும் கழற்ற வேண்டும். அதையும் கிளட்ச்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கையும் சேர்த்தே மாற்றச் சொன்னேன். எடை குறைந்த ஃப்ளைவீல் மட்டும் வேண்டாம். தினம் சிக்னலில் நிற்கிற வண்டி, ஐடிலில் கடகடவென்று ஆடினால் எனக்குப் பிடிக்காது.

பிப்ரவரி 24

புது கிளட்ச் பதிய 800 கிலோமீட்டர் மெதுவாக ஓட்டணுமாம். 310 ஆச்சு. மேப்பை இப்போதே போட்டாலும் முழுசாக மிதிக்க முடியாது. டவுன்பைப் மாறினால் பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றழுத்தம்) நடத்தையும் மாறும், மறுபடி மேப் போடணும். அதனால் மேப் கடைசி.

சைலன்சர் மாற்றின நண்பன் வண்டியில் போனபோது 2,400-ல் தலைக்குள் ஒரு ரீங்காரம். நாலு சிலிண்டர், ஒரு சுற்றுக்கு இரண்டு வெடிப்பு, அப்படியென்றால் 80 ஹெர்ட்ஸ். அதைக் கொல்ல கால் அலைக் குழாய் (அந்த ஒலி அலையில் கால் பங்கு நீளமுள்ள, முனை மூடிய பக்கக் குழாய்) ஒன்று வைக்கலாம். ஆனால் ஒரு மீட்டருக்கு மேல் நீளம் வேண்டும். வண்டிக்கு அடியில் படுத்து டேப் வைத்துப் பார்த்தேன், இடமே இல்லை. சைலன்சர் பட்டியலின் அடிக்குப் போனது.

பிப்ரவரி 26

டவுன்பைப் வந்துவிட்டது. கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் (புகையின் நச்சைக் குறைக்கும் பகுதி) உள்ளதையே வாங்கினேன், புகைச் சோதனையில் மாட்ட வேண்டாமே. இப்போது அது கட்டிலுக்கு அடியில். தினம் சாயங்காலம் எஞ்சின் ஆறினதும் பழைய குழாயின் துருப்பிடித்த நட்டுகளுக்குத் துரு இளக்கும் எண்ணெய் அடிக்கிறேன். போன வருஷம் அவசரப்பட்டு ஒரு ஸ்டட்டை முறித்த கை இது. புது கிளட்ச் போட்டபின் இன்றைக்கு 362 கிலோமீட்டர்.