எச்எஸ்கே மூன்றாம் நிலைக்குப் பதிவு செய்த அனுபவம்

விண்ணப்பத்தை அனுப்பிய அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன். எச்எஸ்கே என்ற சீன மொழித் தேர்வின் மூன்றாம் நிலைக்குப் பதிவு செய்தாயிற்று, இனிப் படிக்கிற வேலை மட்டும்தான் என்று நினைத்தேன். ஒன்பது நாள் கழித்துத் தற்செயலாக என் கணக்கைத் திறந்தால், தேர்வின் பெயருக்கு நேரே இன்னும் பணம் கட்டவில்லை என்று நிற்கிறது. பதிவு முடியும் தேதிக்கு இரண்டே நாள் பாக்கி. அந்த இரண்டு நாளில் நான் பட்ட பாட்டை இன்னொருவர் பட வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எச்எஸ்கே என்பது ஹான்யூ ஷுய்பிங் காவ்ஷி என்பதன் சுருக்கம். சீனத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்களுக்கான திறன் தேர்வு. 1984-இல் பெய்ஜிங்கில் இதை உருவாக்கத் தொடங்கினார்கள். சீனப் பல்கலைக்கழகங்களில் சேரவும் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கவும் இந்தச் சான்றிதழைக் கேட்பார்கள். 2021-இல் வெளியான புதிய தர அளவுகோல் ஒன்பது நிலைகளைச் சொல்கிறது. 7 முதல் 9 வரையுள்ள நிலைகளுக்கு ஒரே வினாத்தாள், 2022 நவம்பரில் அது முதன்முறையாக நடந்தது. நான் எழுதியது பழைய ஆறு நிலை அமைப்பில் உள்ள மூன்றாவது.

எந்த நிலை என்று முடிவு செய்யவே எனக்கு ஒரு மாதம் ஆனது. அந்த அமைப்பில் முதல் நிலைக்கு 150 சொற்கள், இரண்டுக்கு 300, மூன்றுக்கு 600, நான்குக்கு 1200. கிட்டத்தட்ட ஒவ்வொரு படியிலும் இரட்டிப்பு. எனக்குத் தெரிந்தது எண்ணூறு சொல் இருக்கும். நேராக நான்குக்கே போய்விடலாம் என்ற ஆசை இருந்தது. அப்புறம் பதிவுத் தளத்திலேயே கிடைக்கிற மாதிரி வினாத்தாளை நேரம் வைத்து எழுதிப் பார்த்தேன். சொற்களை விடவும் கேட்டல் பகுதிதான் என்னை நிறுத்தியது. மூன்றாம் நிலையில் ஒவ்வொரு உரையாடலையும் இரண்டு முறை ஒலிக்கவிடுவார்கள். நான்காம் நிலையில் ஒரே முறை. முதல் தடவை கேட்கும்போது எனக்குப் பாதிதான் பிடிபடும், மீதி இரண்டாம் தடவையில்தான். அதைத் தெரிந்துகொண்ட பிறகு மூன்று என்று முடிவு செய்வதில் தயக்கமே இல்லை. பதிவுக்கு முன்னால் மாதிரித் தாளை ஒரு முறையாவது முழுதாக எழுதிப் பாருங்கள். சொற்பட்டியலை மட்டும் பார்த்து நிலையைத் தேர்ந்தெடுத்தால் தவறிவிடும்.

அடுத்தது தாளா, கணினியா என்ற கேள்வி. இதை ஒரு சின்ன விவரம் மாதிரி பலரும் கடந்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் நிலைக்கு அடுத்தபடியாக இதுதான் பெரிய முடிவு.

மூன்றாம் நிலையிலிருந்து வினாத்தாளில் பின்யின் துணை, அதாவது உச்சரிப்பை ஆங்கில எழுத்தில் காட்டுவது, கிடையாது. எல்லாம் ஹான்ஜி எனப்படும் சீன எழுத்துதான். எழுதுதல் பகுதியில் பத்துக் கேள்விகள். முதல் ஐந்து, கலைந்து கிடக்கும் சொற்களை வாக்கியமாக அடுக்குவது. அடுத்த ஐந்தில் ஒரு வாக்கியத்தில் ஓர் எழுத்தின் இடம் காலியாக இருக்கும், அதன் உச்சரிப்பை மட்டும் பின்யினில் கொடுத்திருப்பார்கள். தாளில் எழுதினால் அந்த எழுத்தைக் கையால் வரைய வேண்டும். கணினியில் பின்யினைத் தட்டினால் வரிசையாக எழுத்துகள் வந்து நிற்கும், சரியானதை எடுத்தால் போதும். ஒன்றில் நினைவிலிருந்து எழுதுகிறோம், மற்றதில் அடையாளம் காண்கிறோம். இரண்டுக்கும் படிக்கிற முறையே வேறு.

ஒரு உதாரணம் சொல்கிறேன். ‘நான்’ என்று பொருள்படும் ‘வோ’, ‘தேடு’ என்று பொருள்படும் ‘ஜாவ்’, இரண்டுக்கும் ஏழு கோடுகள்தான். ‘வோ’வில் குறுக்குக்கோடு இடமிருந்து வலம்வரை ஒரே ஓட்டமாகப் போகும். ‘ஜாவ்’வில் அது நடுவே விட்டுப்போய், இடப்பக்கம் கையைக் குறிக்கும் உறுப்பு தனியாக நிற்கும். திரையில் பார்த்தால் எனக்கு ஒருபோதும் குழப்பம் வராது. பென்சிலைக் கையில் எடுத்தால், வேகத்தில் அந்த இடைவெளி மூடிக்கொண்டு ‘தேடு’ ‘நான்’ ஆகிவிடும். ஆனாலும் தாளைத்தான் தேர்ந்தெடுத்தேன். இரண்டு ஆண்டாகக் கட்டம் போட்ட நோட்டில் எழுதிப் பழகிய கை, அதற்கு ஒரு தேர்வு வேண்டும் என்று தோன்றியது. சீக்கிரம் சான்றிதழ் வேண்டும், கையால் எழுதிப் பழக்கம் இல்லை என்பவர்களுக்குக் கணினிதான் சரி.

தாளைத் தேர்ந்தெடுத்தால் ஒன்றை மறக்கக் கூடாது. தாள் தேர்வுக்கான பதிவு, தேர்வு நாளுக்கு 27 நாள் முன்னதாகவே முடிந்துவிடும். கணினித் தேர்வுக்கு 10 நாள் முன்புவரை நேரம் உண்டு. அதுவும் தளம் சொல்கிற பொதுக் கணக்குதான். மையம் இன்னும் முன்னதாகவே இடம் நிரம்பிவிட்டது என்று சொல்லக்கூடும்.

பதிவு செய்வது சைனீஸ்டெஸ்ட் டாட் சிஎன் தளத்தில். மின்னஞ்சல் கொடுத்துக் கணக்குத் தொடங்கி, நிலை, தேதி, தேர்வு மையம் என்று வரிசையாகத் தேர்ந்தெடுத்துப் போனால் விண்ணப்பப் படிவம் வரும். பெயர், பிறந்த தேதி, நாடு, அடையாள ஆவணத்தின் எண், எத்தனை ஆண்டாகச் சீனம் படிக்கிறீர்கள் என்ற கேள்வி. அரை மணி நேர வேலை. பெயரில் மட்டும் நிதானம் வேண்டும். பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே, ஓர் எழுத்து கூடாமல் குறையாமல் கொடுங்கள். கூப்பிடுகிற பெயரையோ சுருக்கிய பெயரையோ கொடுத்தால், தேர்வு நாளன்று ஹால் டிக்கெட்டையும் பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது சிக்கல்.

புகைப்படத்தில்தான் நான் இடறினேன். கைப்பேசியில் இருந்த ஒரு படத்தை வெட்டி ஏற்றிவிட்டேன். பின்னணி வெளிர்நீலம். தளம் அதை ஏற்றுக்கொண்டது, அதனால் சரியென்று விட்டுவிட்டேன். தளம் ஏற்பது வேறு, மையம் ஏற்பது வேறு என்று அப்போது தெரியாது. வெள்ளைப் பின்னணி, நேரான முகம், தலையில் தொப்பி கூடாது, அண்மையில் எடுத்ததாக இருக்க வேண்டும். ஹால் டிக்கெட்டிலும் மதிப்பெண் அறிக்கையிலும் வருவது இதே படம்தான்.

சரி, அந்த இரண்டு நாள் கதைக்கு வருகிறேன். நான் தேர்ந்தெடுத்த மையம் கட்டணத்தைத் தளத்தின் வழியாக வாங்கவில்லை. வங்கி மூலம் மையத்தின் கணக்குக்கே அனுப்பி, ரசீதை மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும், அவர்கள் சரிபார்த்த பிறகுதான் பதிவு உறுதியாகும். இந்த விவரம் மையத்தின் அறிவிப்பில் இருந்தது, விண்ணப்பப் படிவத்தில் இல்லை. நான் அறிவிப்பைப் படிக்கவே இல்லை. அன்றே பணத்தை அனுப்பினேன். ரசீதை அனுப்பினேன். பதில் வரவில்லை. மறுநாள் காலை தொலைபேசியில் பிடித்தபோது, பணம் வந்துவிட்டது, ஆனால் படத்தை மாற்ற வேண்டும் என்றார்கள். ஓடிப்போய் ஸ்டூடியோவில் படம் எடுத்து, வந்து ஏற்றி, மறுபடி அழைத்துச் சொன்னேன். பேசியவர் பொறுமையாகத் தொடர்பிலேயே இருந்து, திறந்து பார்த்து, “இப்போது உங்கள் பக்கத்தைப் பாருங்கள்” என்றார். உறுதியாகியிருந்தது. அந்தப் பொறுமைக்கு இன்றும் நன்றி சொல்கிறேன்.

தேர்வு நெருங்கியதும் அதே கணக்கிலிருந்து ஹால் டிக்கெட்டை இறக்கி அச்செடுத்தேன். பதிவின்போது கொடுத்த அதே அசல் அடையாள ஆவணம், 2பி பென்சில், ரப்பர், இவ்வளவுதான் தேவை. கேட்டல் ஒலிக்கத் தொடங்கிய பிறகு தாமதமாக வருபவர்களை உடனே உள்ளே விடமாட்டார்கள், அதனால் அரை மணி நேரம் முன்னதாகவே போய்விட்டேன். கேட்டல் முடிந்ததும் விடைத்தாளில் குறிக்க ஐந்து நிமிடம் தனியாகத் தருவார்கள். வாசித்தலுக்கு அப்படித் தனி நேரம் இல்லை, படிக்கப் படிக்கவே குறித்துவிட வேண்டும்.

ஹால் டிக்கெட்டைத் தேர்வு முடிந்தும் தூக்கிப் போடாதீர்கள். மதிப்பெண் பார்க்க அதிலுள்ள எண் வேண்டும். ஒரு மாதம் கழித்துப் பார்த்தேன். 300-க்கு 241, தேர்ச்சிக்கு 180 போதும். எழுதுதலில்தான் குறைவு, 72. சீனாவில் படிக்க விண்ணப்பிக்கும்போது இந்த அறிக்கை தேர்வு நாளிலிருந்து 2 ஆண்டுதான் செல்லும். அதனால் நான்காம் நிலைக்கு அவசரப்படவில்லை. பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் போடுகிற ஆண்டை முதலில் முடிவு செய்துவிட்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணித் தேதி பார்த்துக்கொண்டிருக்கிறேன்.